சிஸ்டரைக் கேளுங்கள்: எடைக்குறைப்பு ஆபரேஷனும் அதன் பிறகு வரும் வலியும்

எடைக்குறைப்பு ஆபரேஷன் பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலும் வலிதான் பேச்சு. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியவர்களில் பலர், "நானே தேடிக்கொண்டதுதான் சிஸ்டர், இருந்தாலும் தாங்க முடியவில்லை" என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிக்கிறார்கள். குடல்வால் ஆபரேஷன் ஆனவர் யாரும் இப்படி எழுதுவதில்லை. உடல் பருமன் ஒரு நோய். அதற்கு வைத்தியம் செய்துகொண்டவர், வலிக்கிறது என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போவதுதான் ஆபத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எனக்கு 34 வயது. இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றுத் தையல்கூட அவ்வளவு வலிக்கவில்லை. வலது தோள்பட்டைதான் குத்தி எடுக்கிறது. படுத்தால் குறைகிறது, எழுந்து உட்கார்ந்தால் ஏறுகிறது. மாமியார், "இது நெஞ்சு வலியாக இருக்கும், ஈ.சி.ஜி. எடு" என்கிறார். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்?
- வாசகி, திருப்பூர்

உங்கள் வயிற்றில் நான்கைந்து சின்னத் துளைகள் போட்டு, அதன் வழியாகத்தான் கேமராவையும் கருவிகளையும் விட்டிருப்பார்கள். உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்பதால் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். முடிந்ததும் அதை வெளியே விட்டுவிடுவார்கள். ஆனால் கொஞ்சம் தங்கிவிடும். நீங்கள் எழுந்து உட்கார்ந்ததும் அது மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத்தின் அடியில் போய் நிற்கும். உதரவிதானத்துக்கு வருகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோள்பட்டை நரம்பும் கிட்டத்தட்ட அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் அடியில் உறுத்தினால் தோளில் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. படுத்தால் குறைவதும், உட்கார்ந்தால் ஏறுவதும் இந்த வலியின் அடையாளம்.

இந்த வாயு தானாகவே இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியே போய்விடும். பலருக்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். வீட்டுக்குள் அடிக்கடி நடங்கள். அதிகமாகக் குத்தும்போது கொஞ்ச நேரம் மட்டமாகப் படுங்கள். தோளில் வெந்நீர்ப் பை வைக்கலாம். ஆனால் தையல் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அங்கே சில நாள் தோல் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. ஓமத் தண்ணீர், பெருங்காயம், ஈனோ என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அவையெல்லாம் குடலுக்குள் இருக்கிற வாயுவுக்கானவை. உங்களுக்கு இருப்பது குடலுக்கு வெளியே. அதிலும் நுரைத்துக்கொண்டு பொங்குகிற ஈனோவைத் தையல் காயாத இரைப்பைக்குள் ஊற்றவே கூடாது.

மாமியார் சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, நெஞ்சை அழுத்துவது என்று எது சேர்ந்து வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய் மாதிரி ஸ்டேப்பிள் போட்டு மூடுகிறார்கள். அந்தக் கோட்டில் எங்காவது கசிந்தால், முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாடித்துடிப்புதான். வார்டில் நாங்கள் தெர்மாமீட்டரைவிட அதைத்தான் நம்பிப் பார்ப்போம். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐத் தாண்டி நின்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 120 போனால் போன் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். இடது தோளில் புதிதாக வலி, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று வலி ஆகியவையும் அப்படித்தான். நல்லபடியாக ஆறுகிற வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைய வேண்டும். நேற்றைவிட இன்று அதிகம் என்றால் காரணம் தேட வேண்டும்.

அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிற பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறார். நடக்கச் சொன்னால் "நாளைக்கு" என்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தொடுவதே இல்லை. சோம்பலா, வலியா என்று எனக்குப் புரியவில்லை.
- வாசகி, திண்டுக்கல்

வலிதான், மகளே. சோம்பல் என்று நினைக்கவே வேண்டாம். பிரசவம், வீட்டு வேலை, முட்டி வலி என்று எல்லாவற்றையும் வாய் திறக்காமல் தாங்கிப் பழகிய தலைமுறை அது. "வலிக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் வார்டில் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டு, "இருமிப் பாருங்கம்மா" என்பேன். இருமுவதற்கு முன்னால் கை தானாக வயிற்றைப் பிடிக்கும். பாதி இருமலிலேயே நிறுத்திவிடுவார்கள். புரண்டு படுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாரா, மேலுதட்டில் வியர்வை நிற்கிறதா, முழங்காலை மடக்கியே வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பதில் தெரிந்துவிடும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தால் இரண்டு கெடுதல். ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கும், அப்புறம் காய்ச்சல். கால் அசையாமல் கிடந்தால் இரத்தம் உறையும். அந்தக் கட்டி காலிலிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எடைக்குறைப்பு ஆபரேஷனில் நாங்கள் அதிகம் பயப்படுவதில் அதுவும் ஒன்று. அதனால்தான் ஆபரேஷன் அன்றே சில மணி நேரத்தில் எழுப்பி நடக்க வைக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வலி மாத்திரை எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதல் சில நாட்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால், வலிக்கும்போது கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் அந்தந்த நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து எழுப்புங்கள். நேராக எழுந்து உட்கார விடாதீர்கள். அதுதான் வயிற்றுத் தசையை இழுத்துக் கொல்லும். முதலில் ஒருக்களித்துப் படுக்கட்டும். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே இருக்கிற முழங்கையை ஊன்றி எழும்பட்டும். நீங்கள் தோளுக்குப் பின்னால் கை கொடுத்தால் போதும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமட்டும். தூரம் முக்கியமில்லை. ஹாலிலிருந்து வாசல் வரை, ஆனால் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும்.

அந்த மூன்று பந்துக் கருவியில் பலர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். முதல் பந்து ஏறி இரண்டு விநாடி நின்றாலே இப்போதைக்கு நல்லது. மூன்றும் ஏற வேண்டும் என்று அம்மாவை விரட்டாதீர்கள். மணிக்குப் பத்து முறை. பேரப்பிள்ளை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் இன்னும் நன்றாகச் செய்வார்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் நல்லெண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உருவினால் உறைந்த கட்டி பெயர்ந்துவிடலாம். அப்படியே காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி எழுதியிருந்தால், போட்ட இடம் நீலம் பாய்ந்திருக்கிறதே என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பைபாஸ் ஆனவர்களுக்கு எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாளிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். சாப்பாடும் இப்போது கஞ்சி அளவுதான். பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, அசந்து படுத்துவிடுவார். அது வெறும் களைப்பு மாதிரிதான் தெரியும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இப்போதே ஒரு முறை பார்த்துவிட்டு, மருந்தின் அளவை இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

ஐந்து துளைகளில் ஒன்று மட்டும், தொப்புளுக்குப் பக்கத்தில், இழுத்துப் பிடித்து வலிக்கிறது. இரண்டு வாரம் ஆகிறது. மற்றவை ஆறிவிட்டன.
- வாசகர், நாகர்கோவில்

உங்களுக்குச் செய்தது ஸ்லீவ் என்றால், பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான் வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்திருப்பார்கள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே தசையிலும் தையல் இருக்கும். குனிந்து திரும்பும்போது இழுக்கும். மூன்று, நான்கு வாரத்தில் அடங்கும். ஒன்றரை மாதம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பிள்ளையைத் தூக்குவது எதுவும் வேண்டாம். சிவந்து சீழ் வந்தாலோ, இருமும்போது அங்கே உருண்டையாகப் புடைத்தாலோ காட்டிவிடுங்கள்.

ஆபரேஷன் ஆகி ஐந்து மாதத்தில் 28 கிலோ குறைந்துவிட்டது. முட்டி வலி மட்டும் போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் காம்பிஃப்ளாம் வாங்கிப் போட்டால் உடனே கேட்கிறது. எப்போதாவது ஒன்று போடலாமா? எனக்குச் செய்தது பைபாஸ்.
- வாசகர், சேலம்

வேண்டாம். எப்போதாவது ஒன்றுகூட வேண்டாம். காம்பிஃப்ளாமில் பாரசிட்டமாலோடு ஐபுப்ரோஃபென் இருக்கிறது. புரூஃபென் என்பதும் அதுதான். வோவரானில் இருக்கிற டைக்ளோஃபெனாக், அப்புறம் அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் ஒரே குடும்பம். பைபாஸில் இரைப்பையின் மேல் நுனியில் சின்னப் பை ஒன்றை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இந்த மாத்திரைகள் அந்த இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புண் இரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். ஊசியாகப் போட்டால் வயிற்றில் படாதே என்று சிலர் கேட்கிறார்கள். இரத்தத்தில் கலந்துதான் அவை வேலை செய்கின்றன. எந்த வழியாக உள்ளே போனாலும் கெடுதல் ஒன்றுதான். சிகரெட், பீடி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அதே இடத்தில்தான் அதுவும் புண்ணாக்கும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லி முடிவெடுங்கள்.

உங்களுக்குப் பாரசிட்டமால் சரி. ஆனால் சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை பலவற்றிலும் அது கலந்தே வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரலைக் கெடுக்கும். கடையில் மாத்திரை வாங்குமுன், "எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது, புரூஃபென் வகை கூடாது" என்று சொல்லுங்கள். இருதயப் பைபாஸ் என்று நினைத்துக்கொள்வார்கள், இரைப்பை என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பல் பிடுங்கப் போனாலும், அவசரத்துக்கு வேறு ஊரில் சேர்ந்தாலும் அது உதவும்.

முட்டிக்கு வருகிறேன். வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். தொடைத் தசை பலம் குறைந்தால் முட்டி தனியாகச் சுமக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். காலையும் மாலையும் செய்யுங்கள். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது சேர்கிறதா என்று உணவு ஆலோசகரிடம் கணக்குப் பாருங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள்.

நாலாவது வாரம், மெத்தென்ற இட்லிதானே என்று அரை இட்லி சாப்பிட்டேன். நடு நெஞ்சில் கல்லை வைத்தது போல் அடைத்துக்கொண்டது. வாயில் நுரை நுரையாக எச்சில். தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம். பயந்தே போனேன்.
- வாசகி, காஞ்சிபுரம்

இட்லி கையில் மெத்தென்று இருக்கும். குழாய் மாதிரி ஆகிவிட்ட இரைப்பையில் போய் ஒரே உருண்டையாகச் சேர்ந்துவிடும். பிரெட், சப்பாத்தி, குழைந்த சாதம், காய்ந்த கோழிக்கறி எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து நின்று மெதுவாக நடங்கள், பெரும்பாலும் தானே இறங்கிவிடும் அல்லது வெளியே வந்துவிடும். அன்று மிச்ச நாள் நீர் ஆகாரம் மட்டும்.

நான்காவது வாரத்தில் மசித்த உணவு போதும். பாசிப்பருப்பை நன்றாக வேகவைத்துக் கடைந்தது, ஆவியில் வேகவைத்த முட்டை, கையால் உதிர்த்த பன்னீர், முள் நீக்கிய மீன். குழந்தைக்கு ஊட்டுகிற சின்ன ஸ்பூனை எடுங்கள். ஒரு வாய் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு வேளை சாப்பாட்டுக்கு 20 நிமிடமாவது ஆக வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் கிடையாது. விக்கல், மூக்கில் திடீரென்று நீர் வழிவது, ஒரு பெருமூச்சு இதில் ஏதாவது வந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும். அதனால் தட்டில் போடும்போதே இரண்டு ஸ்பூன் போடுங்கள்.

தண்ணீர்கூட நிற்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தியாக வந்தால் இரைப்பை எங்காவது சுருங்கியிருக்கலாம். அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

விருதுநகரிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஆபரேஷன் ஆகி ஏழாவது வாரம், தினமும் வாந்தி, இப்போது பாதம் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது என்று எழுதியிருந்தார். கடிதத்தில் இருந்த எண்ணில் அன்றே பேசினேன். மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு இருக்காது. தொடர்ந்து வாந்தி எடுத்தால் தீர்ந்துபோகும். தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கும். இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு என்று வந்தபின் தாமதித்தால் ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடலாம். வாந்திதானே என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். அங்கே இருக்கிற டாக்டரிடம், "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், தயமின் போட்டுவிட்டுக் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று கூட வந்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நாலாவது மாதம். கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது.
- வாசகி, தஞ்சாவூர்

ஆபரேஷன், வேகமான எடைக்குறைவு என்ற இரண்டு அதிர்ச்சிக்கும் உடம்பு காட்டும் எதிர்வினை இது. மூன்றாம் மாதத்தில் தொடங்கிச் சில மாதம் இருக்கும், திரும்ப முளைக்கும். எண்ணெய்க்குச் செலவு செய்வதற்கு முன் இரும்புச்சத்தையும் புரதத்தையும் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பின் எழுதிக்கொடுத்த வைட்டமின், இரும்பு, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியவை. எடை குறைந்ததும் நிறுத்துகிறவர்கள் அதிகம்.

எனக்கு 29 வயது. ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். உடம்பு வலி பரவாயில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுகிறேன். ஏன் செய்துகொண்டோம் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிரியாணி வாசம் வந்தபோது தாங்கவே முடியவில்லை. மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாள்.
- வாசகர், சென்னை

தம்பி, இதுவும் வலிதான், இந்தப் பக்கத்தில்தான் சேரும். முதல் மாதத்தில் இந்த அழுகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வார்டில் விசிட்டர்கள் போன பிறகு ஆண்கள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். மனசு சரியில்லாதபோது இத்தனை வருஷம் உங்களைத் தேற்றியது சாப்பாடு. அது ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டது. போதாததற்குத் தூக்கம் குறைவு, நீர் ஆகாரம் மட்டும், உடம்பில் பலமில்லை. இழந்ததற்காக அழுகிறீர்கள், அதில் தப்பு எதுவும் இல்லை. கெட்டியான உணவுக்கு வந்து, பழைய சட்டை தொளதொளவென்று ஆகும்போது பலருக்கு இது தணிந்துவிடுகிறது.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். இரவில் நீங்கள் எழுந்து உட்காருவது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாத காரணத்தை நினைத்துத்தான் அதிகம் பயப்படுவார். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஒரு மாதத்துக்கு நீங்கள் நடக்கப் போய்விடுங்கள், சாப்பாடு முடிந்ததும் வந்து கூட உட்காருங்கள். அடுத்த செக்கப்பில் சர்ஜனிடம் எடையை மட்டும் பேசாமல் இதையும் சொல்லுங்கள். மனநல ஆலோசகர் இந்தச் சிகிச்சைக் குழுவில் இருக்க வேண்டியவர்தான், தயங்க வேண்டாம். மனசைத் தேற்ற மதுப் பக்கம் போய்விடாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பின் அது முன்னைவிட வேகமாகத் தலைக்கேறும், பழக்கமாகவும் ஆகிவிடும். எப்போதாவது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் செக்கப் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில், அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில், இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

மனைவிக்கும் கேட்க ஏதாவது இருந்தால் தனியாக எழுதச் சொல்லுங்கள். அவர் கடிதத்துக்கும் இடம் வைத்திருக்கிறேன்.